கைப்பையும் ஆறு தோட்டாவும்

மைத்ரேயி துப்பாக்கி வாங்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலத்தில்.

"பன்னெண்டு மணிக்கு மேல போயேன், இப்போ ராகு காலம்" என்று வாசல்வரை வந்து கெஞ்சினார் ரகுராம்.

"நல்ல காரியத்துக்குத்தான் நாழி பாக்கணும். இது நல்ல காரியமாக்கும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள் அவள். இருபது வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீசில் மற்றவர்களுடைய உயிருக்கு விலை போட்ட மனிதர், தன் மனைவி உயிர் என்றதும் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், பயத்துக்கு ஆளுக்கு ஒரு வழி.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் குடியிருக்கிற, நாற்பத்து நாலு வயசு அம்மாளுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். அவளையும் போலீசில் அப்படித்தான் கேட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தான் கண் பரிசோதிக்கிற கண்ணாடிக் கடைக்கு அவள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். காவிரிப் பாலத்தின் நடுவில், அவளுக்குப் பத்தடி முன்னால், இரண்டு பேர் ஒருவனை வெட்டினார்கள். பாலம் நிறைய ஜனம். பால்காரர், பள்ளிக்கூட வேன், நடைப்பயிற்சிக்கு வந்த பெரிய மனிதர்கள். போலீஸ் வந்து கேட்டபோது எல்லாருக்கும் அந்த நேரத்தில் கண்ணில் தூசி விழுந்திருந்தது. மைத்ரேயிக்கு மட்டும் விழவில்லை. சிறையில் வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னபோது, அரியமங்கலத்தில் லாரி பட்டறை வைத்திருக்கிற ராசப்பனையும் அவனுடைய மைத்துனனையும் விரல் நீட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

செத்தவனுடைய மனைவி பிரான்சி, கைக்குழந்தையோடு கடைக்கே வந்து நின்றாள். "வேற யாரும் வரமாட்டேங்கறாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான்" என்றாள். அந்த 'ஒருத்தர்தான்' என்ற வார்த்தை மைத்ரேயிக்கு அன்றைக்கே மனசில் தைத்தது. ஒருத்தர்தான் என்றால், அந்த ஒருத்தர் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. இந்தக் கணக்கு அவளுக்குத் தெரிந்த மாதிரியே ராசப்பனுக்கும் தெரியும்.

ஜாமீனில் வந்த பிறகு அவன் ஒரு வார்த்தை மிரட்டவில்லை. ஸ்கூட்டரின் பிரேக் ஒயரை மட்டும் யாரோ நறுக்கிவைத்தார்கள். அடுத்த மாதம் ஒருநாள் காலையில் கோலம் போட வந்தவள், எதிர்ச் சுவரைப் பார்த்து மாவுக் கிண்ணத்தைக் கீழே போட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவளுடைய போட்டோ. தோற்றம் என்ற இடத்தில் அவள் பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ரகுராம் வாளித் தண்ணீரை ஊற்றிக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, போகிற வருகிறவர்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். மகளை அன்றைக்கே சென்னைக்குப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் பதினைந்து நாள் வந்தார், பிறகு தேர்தல் வேலை என்று போனவர் போனவர்தான். அதன் பிறகுதான் மைத்ரேயி துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டாள். விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், ரைஃபிள் கிளப்பில் பயிற்சி என்று ஒன்றரை வருஷம் இழுத்து, சாட்சிக் கூண்டில் ஏறப் பத்தே நாள் இருக்கும்போது அது கையில் கிடைத்தது.

பீமராவின் துப்பாக்கிக் கடையில் காற்றாடி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அவர் இரண்டு சாமான்களை எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்தார். ஒன்று பிஸ்டல், ஒன்று ரிவால்வர்.

"பாக்க பிஸ்டல்தாங்க நல்லா இருக்கும். தட்டையா இருக்கு, ஒளிச்சு வைக்க வசதி. ஆனா மொதல் தோட்டா ஏறணும்னா இந்த மேல்பாகத்த இழுத்து விடணும். இழுங்க பாப்போம்."

மைத்ரேயி இழுத்தாள். பாதிவரை வந்து நின்றுவிட்டது. இரண்டாம் தடவை கட்டை விரல் நழுவி நகம் பிய்ந்தது.

"விடுங்கம்மா. வீட்ல உக்காந்து இழுக்கறதே இப்படின்னா, எதிர்ல ஆள் வரும்போது எங்க இழுக்கப் போறீங்க?" என்று அதை உள்ளே எடுத்து வைத்தார். "இது ரிவால்வர். நடுவுல மடங்கித் தொறக்கும் பாருங்க. ஆறு குழி, ஆறு தோட்டா. மூடினா முடிஞ்சுது. இழுக்கறது, நகத்தறது ஒண்ணும் கெடையாது. விசைய அழுத்தினா சுடும், அழுத்தாட்டி சுடாது. அதனால சுடப்போற வரைக்கும் விரல் வெளியிலயே இருக்கணும். பயம் வந்தா விரல் தானா விசைக்குத்தான் ஓடும், விடாதீங்க."

கையில் வாங்கியபோது முக்கால் கிலோவுக்குக் குறையாது என்று தோன்றியது. அவளுக்கு அதைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அருவருப்புக்குப் பின்னால், ஒன்றரை வருஷமாக இல்லாத ஒரு சின்ன தைரியம் எட்டிப் பார்த்தது. அதற்காக எதையும் வாங்கலாம் போலிருந்தது.

"சரிங்க. இதை எங்க வச்சுக்கறது?"

பீமராவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பிரேமா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஆண்களுக்கு என்றால் இடுப்பு பெல்ட்டில் உறையை மாட்டி, மேலே சட்டையைத் தொங்கவிட்டு அனுப்பிவிடுவார். பெண்களுக்கு எப்படி என்று அவர் வாயால் சொல்லக் கூச்சம். அவர் மனைவி பிரேமலதா வந்து, கூச்சமே இல்லாமல் மைத்ரேயியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"சுடிதார் நாடா இந்தக் கனம் தாங்காதுங்க, நடுத்தெருவுல மானம் போயிடும். கணுக்கால்ல கட்டினா குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள கத முடிஞ்சிடும். புடவைதான் நல்லது. பிரசவத்துக்கு அப்புறம் வயித்துல பட்டி கட்டுவோமில்ல, அந்த மாதிரி அகலமா எலாஸ்டிக் பட்டி இருக்கு, உறை வச்சே தச்சிருக்கும். இடது இடுப்புல வர்ற மாதிரி கட்டுங்க. மேல முந்தானை மறைச்சுக்கும். முந்தானைய ஒதுக்கினா வலது கை நேரா பிடியில போய் உக்காரும்."

"கைப்பைல வச்சுக்கப்படாதா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். "பை வேணவே வேணாம்மா. இடுப்புல இருந்தா அது உங்களுது. பையில இருந்தா, பைய யார் தூக்கறாங்களோ அவங்களுது" என்றார் பீமராவ்.

ரகுராமுக்கு அந்தச் சாமான் வீட்டுக்குள் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. "பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துல இதை எங்க வைக்கறது?" என்றார். பட்டுப்புடவை பீரோவின் உள்லாக்கரில் வைத்துப் பூட்டினாள். "பெருமாள் பாத்துப்பர்டீ" என்று அவர் சொன்னபோது, "அன்னிக்குப் பாலத்துலயும் அவர் பாத்துண்டுதான் இருந்தார். சாட்சி சொல்ல அவர் வரமாட்டாரே" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு கோபுரம் இருக்கிற திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒன்பது நாளும் அவள் பட்டியைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். காலையில் கோயிலுக்குப் போகிற வழக்கத்தை விட்டாள், இந்தச் சாமானோடு உள்ளே போக முடியாது, இது இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. ஸ்கூட்டரை விட்டு பஸ்ஸுக்கு மாறினாள். கூட்டத்தில் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. கூட்டத்துக்கு நடுவில்தான் வெட்டினார்கள் என்பதை அவளே நேரில் பார்த்திருந்தும் அப்படி ஒரு நம்பிக்கை. பயந்தவர்களுக்கு நம்பிக்கை வேண்டும், அதில் ஓட்டை இருந்தால் கையால் மூடிக்கொள்வார்கள்.

கடைக்கு எதிரே டீக்கடையில், தோளில் நீலத் துண்டு போட்ட ஒருவன் அந்த வாரத்தில் நாலு நாள் நின்றான். டீ குடிப்பான், போன் பார்ப்பான், அவள் வெளியே வந்தால் நிமிர்ந்து பார்ப்பான். அவ்வளவுதான். அவனைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவள் கை முந்தானையின் மேல் போய் இருக்கும்.

சாட்சிக் கூண்டுக்கு முந்தின நாள். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் திருவிழாவின் கருட சேவை. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாள் எலாஸ்டிக் பட்டிக்கு அடியில் வெந்துபோன வயிற்றில் வேர்க்குரு பொங்கி, புண்ணாகி, நீர் கோத்துக்கொண்டது. மத்தியானம் கடையின் பாத்ரூமில் போய்ப் பட்டியை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் உயிர் வந்தது. திரும்பக் கட்ட மனசு வரவில்லை. ஆத்துக்குப் போகிறவரைக்கும்தானே என்று ரிவால்வரை ஒரு கைத்துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

சாயந்திரம் ஆறு மணிக்குச் சத்திரத்தில் ஏறிய பஸ்ஸில் நிற்க இடமில்லை. துறையூர், முசிறி, உப்பிலியபுரம் என்று கிராமத்து ஜனம் எல்லாம் கருட சேவைக்குக் கிளம்பியிருந்தது. பின்வாசலில் ஏறினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியதில் அவள் தள்ளாடினாள்.

"பையக் குடு தாயி, நான் வச்சுக்கறேன்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், இரண்டு கையையும் நீட்டினாள். மைத்ரேயி கொடுத்துவிட்டாள்.

நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் பஸ்ஸில் எழுதாத சட்டம். கேட்பதற்கு முன்னால் கொடுப்போம், கொடுத்த பிறகு திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். மைத்ரேயியே எத்தனை பேருடைய பையை மடியில் தாங்கியிருக்கிறாள். ஸ்கூல் பை, சாப்பாட்டுக் கூடை, ஒருதடவை காலைக் கட்டிய உயிர்க்கோழி. பிறந்தது முதல் பழகிய கை, ஒன்பது நாள் பயத்தைக் கேட்குமா? நீட்டிய கையைப் பார்த்ததும் தானாகக் கொடுத்தது.

இரண்டு விநாடி கழித்துத்தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அண்ணா சிலையில் இன்னும் இருபது பேர் ஏறினார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்த, கூட்டம் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு நாலு இருக்கை முன்னால் தள்ளிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் புடவையும் மடியில் பையும் மனிதர்களுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்தன. அவளுக்குப் பின்னால், கடைசி ஆளாகப் படியில் ஏறியவன் தோளில் நீலத் துண்டு இருந்தது.

பை பக்கம் திரும்பிப் போகப் பார்த்தாள், கூட்டம் விடவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அந்த இடத்தைத் தாண்டும்போது வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வாள், இன்றைக்கு மூட முடியவில்லை. நீலத் துண்டுக்காரன் ஆட்களை விலக்கிக்கொண்டு மெல்ல உள்ளே வந்தான். அவளைப் பார்த்துத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் மஞ்சள் புடவைக்காரியின் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

அம்மா மண்டபம் வந்தது. பெருமாளைச் சேவிக்குமுன் காவிரியில் முழுக்குப் போடுகிற எண்ணத்தில் பாதி ஜனம் எழுந்தது. மஞ்சள் புடவைக்காரியும் எழுந்தாள். பையைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். "இங்கே! இங்கே!" என்று மைத்ரேயி கையை ஆட்டினாள், இறங்குகிற கூட்டத்தின் இரைச்சலில் யார் காதில் விழும். அந்தப் புண்ணியவதி, நம் ஊர் வழக்கப்படி, காலியான தன் இடத்தில் உட்கார்ந்தவன் மடியில் பையை வைத்தாள். "கண்ணாடி போட்ட அம்மாளுதுப்பா, மறக்காம குடுத்துடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உட்கார்ந்தவன் நீலத் துண்டுக்காரன்.

மைத்ரேயி அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருவிழா நெரிசலில் பஸ் நகரவில்லை. அவன் பையை ஒருதரம் தூக்கிப் பார்த்தான். கனம் அவன் முகத்தில் தெரிந்தது. தோளிலிருந்து துண்டை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டான், வியர்வைக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி. துண்டுக்கு அடியில் கை அசைந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான்.

கத்தலாமா? 'துப்பாக்கி' என்று ஒரு வார்த்தை சொன்னால், எண்பது பேர் இரண்டு வாசலுக்குப் பாய்வார்கள். அவள் காலடியில் ஒரு பெண் குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் மிதிபடுவது அதுதான். கத்தாவிட்டால்? அவன் துண்டுக்கு அடியிலிருந்தே சுடலாம், இவ்வளவு பக்கத்தில் குறிகூட வேண்டாம். சுட்டால் செய்தித்தாளில் என்ன போடுவார்கள் என்றுகூட அவளுக்கு ஓடியது. சொந்தத் துப்பாக்கியால், லைசென்ஸ் நம்பரோடு. செத்துப் போவதைவிட, இப்படி அசட்டுத்தனமாகச் செத்துப் போகப் போகிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, குரல் வந்தது. "அது என் பை! அந்த நீலத் துண்டு போட்டவர் மடியில இருக்கறது என் பைங்க. குடுக்கச் சொல்லுங்க!"

அவ்வளவுதான். பஸ்ஸே திரும்பியது. "யோவ், அந்தம்மா பையாம், குடுய்யா." "பொம்பள பைய மடியில வச்சுக்கிட்டு வேடிக்க பாக்கறான் பாரு." "வாங்கி இப்படிக் குடுங்க சார்." ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டினார். பாலத்தில் ஒரு மனிதனை வெட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்ட ஊர், ஒரு கைப்பைக்காக எப்படி எழுந்து நிற்கிறது பாருங்கள்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துண்டுக்காரனுக்கும் வேறு வழி தெரியவில்லை. நிதானமாக ஜிப்பை மூடி எடுத்துக் கொடுத்தான். பை தலைகளுக்கு மேல் கை மாறிக் கை மாறி வந்தது. "என்னாம்மா இம்புட்டுக் கனம்? பித்தளை விளக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

அவன் எழுந்து, கூட்டத்தின் மேலாக, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி சொன்னான்: "பத்திரம் மேடம். நாளைக்குப் போற எடத்துக்கு இதெல்லாம் எடுத்துட்டுப் போக முடியாது." நின்றிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கி ஜனத்தோடு கலந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் பையைத் திறந்தாள். ரிவால்வர் இருந்தது. மடக்கித் திறந்தாள். ஐந்து தோட்டா. ஆறாவது குழி காலியாக இருந்தது.

பீமராவுக்குப் போன் போட்டாள். "பையிலயா வச்சீங்க?" என்று கேட்டார் அவர். பிறகு, "வெறும் தோட்டாவ வச்சு அவன் ஒண்ணும் கிழிச்சிட முடியாது. பயமுறுத்தத்தான் எடுத்திருக்கான். ஆனா உங்க லைசென்ஸ் புஸ்தகத்துல எழுதி வாங்கின தோட்டாங்க அது. எங்கயாவது ஒரு பொணத்துக்குப் பக்கத்துல அது கெடந்தா, மொதல்ல உங்க வாசலுக்குத்தான் வருவாங்க. போலீஸ்ல சொல்லிடுங்கம்மா" என்றார்.

ரகுராம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "சொன்னா லைசென்ஸ் போயிடும். அதுகூடப் போகட்டும். நாளைக்கு அந்த வக்கீல் விடுவானா? பையை யார்ட்ட குடுத்தோம்னே தெரியாதவ, மூணு வருஷத்துக்கு முன்னால பாத்த மூஞ்சியை அடையாளம் சொல்றாளான்னு கேப்பான். கிளப்புல பழகறச்சே ஒரு தோட்டாவைச் சுட்டுட்டேன்னு சொல்லிடேன். யார் எண்ணிப் பாக்கப் போறா?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸிலிருந்து வீடுவரை வழியெல்லாம். ஒரு சின்னப் பொய். மானம் மிஞ்சும், சாட்சியும் மிஞ்சும். அவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று புரிந்தது.

"நாளைக்குக் காலம்பற சத்தியம் பண்ணிட்டு நெஜத்தைச் சொல்லப் போறவ, இன்னிக்கு ஒரு பொய்யை எழுதி வச்சுட்டுப் போகணுமா?" என்றாள். "அவனும் இதைத்தான் நெனைச்சிருப்பான். வெளில சொல்லமாட்டா, வெக்கப்படுவா, பயப்படுவான்னு. அதான் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணை எடுத்துண்டு போயிருக்கான்."

அன்று ராத்திரியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அறிவுமதி முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். "மேடம், ஒரு விஷயம் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இதை எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க கவனக்குறைவுன்னு ரெக்கார்டுல ஏறிடும். நாளைக்கு வாய்தா வாங்கிடலாமா? ரெண்டு மாசம் கழிச்சு தெளிவா வந்து சொல்லலாம்."

ரெண்டு மாசம். அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது என்பதை மைத்ரேயி பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ரெண்டு மாசம், ஆறு மாசம் ஆகும், இன்னொரு போஸ்டர் ஒட்டுவார்கள், அதில் தேதியும் இருக்கும்.

"காகிதம் குடுங்க" என்றாள். எழுதினாள். 'என் பையை நானேதான் பஸ்ஸில் கொடுத்தேன்' என்று எழுதும்போது காது மடல் சுட்டது. தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருந்த எண், பஸ் நேரம், நீலத் துண்டு, எல்லாம் எழுதினாள். ரிவால்வரையும் ஐந்து தோட்டாக்களையும் மேஜைமேல் வைத்து ரசீது வாங்கிக்கொண்டாள். வெளியே வந்தபோது இடுப்பும் காலி, பையும் காலி. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, அறிவுமதி ஒரு பெண் போலீசைச் சுடிதாரில் அனுப்பியிருந்தாள், பார்த்தால் தங்கை மாதிரி. கோர்ட் வாசலில் மூன்று பேரும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். எதிரே டீக்கடைப் பெஞ்சில் நீலத் துண்டு. அவனுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பேர்.

அவன் அவளைப் பார்த்தான். இடது கையில் டீ கிளாஸ். வலது கையை மடிமேல் வைத்து, மெல்ல விரித்தான். உள்ளங்கையில் பித்தளை மினுமினுத்தது. சிரித்தான். பிறகு மூடிக்கொண்டான்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு அடி பின்னால் எடுத்தும் வைத்துவிட்டாள். ரகுராம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவர் கையும் ஜில்லென்று இருந்தது.

"அந்த நீலத் துண்டுக்காரர் வலது கையில இருக்கறது என்னோட தோட்டாங்க" என்று பக்கத்தில் இருந்த பெண் போலீசிடம் சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "நேத்து எழுதிக் குடுத்திருக்கேன்ல, அதேதான்."

அந்தப் பெண் கோர்ட் வாசலில் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களுக்குச் சைகை காட்டிவிட்டு டீக்கடைக்கு நடந்தாள். அவன் கடைசி விநாடிவரை அசையவே இல்லை. புகார் கொடுக்கமாட்டாள் என்பதில் அவ்வளவு நிச்சயம். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபோதுதான் கிளாஸ் விழுந்து உடைந்தது, கையிலிருந்து தோட்டா சாக்கடையோரம் உருண்டது. "எனக்குத் தெரியாதுங்க, கீழ கெடந்துச்சு, எடுத்தேன்" என்றான். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தான், அது யாருடையது என்பது முந்தின நாளே எழுத்தில் இருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். பக்கத்தில் இருந்த நாலு பேரும் எழுந்து போகவில்லை. டீ குடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாலு பேரின் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு வர, அவள் படியேறினாள். மூன்று தடவை பேர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியபோது எதிரே ராசப்பன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றிருந்தான். பின்வரிசையில் பிரான்சி, மடியில் இப்போது மூன்று வயசு தாண்டிவிட்ட குழந்தை.

சத்தியப் பிரமாணம் சொல்லிவிட்டுக் கூண்டின் கட்டையைப் பிடித்தாள். கட்டை கடகடவென்று ஆடியது. கோர்ட்டில் எல்லாருக்கும் கேட்டது. ராசப்பனின் வக்கீல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, கை இப்படி நடுங்குதே. தண்ணி குடிக்கறீங்களா? உடம்பு சரியில்லேன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"ரொம்பப் பயமா இருக்குங்க ஐயா" என்றாள் மைத்ரேயி. "கை நடுங்கட்டும். பாத்ததச் சொல்றதுக்குக் கை வேண்டாம். கேளுங்க."